மூங்கிலில் தொடங்கி மையைப் பழக்கும் வழி

சீன ஓவியம் கற்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பனிமூட்டம் சூழ்ந்த மலையைத்தான் முதலில் வரையப் பார்க்கிறார்கள். நாலு தாள் வீணானதும் கை சோர்ந்துவிடும். மூங்கிலில் தொடங்குவதுதான் சரி. தண்டு, கணு, கிளை, இலை என்று நாலே வகைக் கோடுகள். அந்த நாலும் கைக்கு வந்துவிட்டால் அல்லி, பிளம் பூ, பாறை எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிடும். சீனத்திலும் பலர் இப்படித்தான் கற்றார்கள். யுவான் காலத்து ஓவியர் வூ சென், தன் மகனுக்காக 1350-ல் வரைந்த மூங்கில் தொகுப்பு இன்றும் தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கலையில் அழிப்பான் கிடையாது. கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. விரலிடுக்கில் மாவு எவ்வளவு இறங்குகிறது, கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்ற இரண்டும் ஒத்துப்போனால்தான் இழை சீராக விழும். தூரிகையில் மாவுக்குப் பதில் தண்ணீர். தூரிகைக்குள் இந்தக் கணத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். கீழே சொல்லும் பிழைகளில் முக்கால்வாசி அது தெரியாததால் வருபவை.

வாங்க வேண்டியவை

தூரிகை, மை, தாள், மைக்கல் ஆகிய நான்கையும் சீனர்கள் 'படிப்பறையின் நான்கு செல்வங்கள்' என்பார்கள். நான்கிலும் தாளில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம்.

உண்மையான தாளின் பெயர் சுவான். அன்ஹுய் மாகாணத்தில், நீலச் சந்தனம் என்று அழைக்கப்படும் ஒரு மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் கூழாக்கிச் செய்கிறார்கள். (பெயரில்தான் சந்தனம், நம் சந்தன மரத்துக்கும் அதற்கும் உறவில்லை.) இணையத்தில் 'ரைஸ் பேப்பர்' என்று தேடினால் ஸ்பிரிங் ரோல் சுற்றும் சாப்பாட்டுத் தாளும் கலந்து வரும். 'சுவான்' என்ற பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். இதில் இரண்டு வகை உண்டு. எதுவும் பூசாத 'பச்சை'த் தாள் மையை உடனே உறிஞ்சிப் பரப்பும். படிகாரமும் பசையும் பூசிய 'வெந்த' தாளில் மை மேலேயே நிற்கும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உடனே பரவினால் பச்சை, முத்தாக நின்றால் வெந்தது. மூங்கிலுக்குப் பச்சைத் தாள் அல்லது பாதி வெந்த தாள். வழக்கமான முழுத் தாள் 69 × 138 செ.மீ. இருக்கும். அதை நாலாக வெட்டினால் ஏறத்தாழ 34 × 69 செ.மீ. கிடைக்கும், மூங்கிலுக்கு அளவெடுத்த மாதிரி. வழுவழுப்பான பக்கம் மேலே இருக்கட்டும்.

முதல் ஒரு மாதத்துக்கு சுவான் தேவையில்லை. சென்னைப் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் உள்ள காகிதக் கடைகளில் அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் கேட்டுப் பாருங்கள். சுவான் அளவுக்குப் பரவாது என்றாலும் கை பழகப் போதும். வாட்டர் கலர் தாள் வேண்டாம். அது மையைத் தடுத்து நிறுத்திவிடுவதால், தண்ணீர் கூடிப்போனது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

தூரிகை இரண்டு போதும். தண்டுக்கு, முடி 4 முதல் 5 செ.மீ. நீளமுள்ள கலப்பு முடித் தூரிகை. இலைக்கும் கிளைக்கும், 3 செ.மீ. அளவில் 'ஓநாய் முடி' என்று விற்கும் தூரிகை. அது ஓநாயின் முடி இல்லை, சைபீரிய மரநாய் வகையின் வால் முடி. நுனி துள்ளி நிற்கும், இலைக்கு அந்தத் துள்ளல் வேண்டும். வெள்ளாட்டு முடி தண்ணீரை நிறையப் பிடிக்கும், ஆனால் துவண்டு போகும். தொடக்கத்திலேயே வேண்டாம். புதுத் தூரிகையின் முடி பசை போட்டு விறைத்திருக்கும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள். வெந்நீர் பட்டால் அடிப்பசை இளகி, வரையும்போது முடி கொட்டும்.

மைக்கட்டி என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்த்து அச்சில் வார்த்தது. எண்ணெய்ப் புகையில் செய்தது பளபளப்பான, லேசாகப் பழுப்புச் சாயல் கொண்ட கறுப்பு. பைன் மரப் புகையில் செய்தது நீலம் கலந்த மங்கல் கறுப்பு. மூங்கிலுக்கு எண்ணெய்ப் புகை மை எடுங்கள். கடையில் 'இந்தியன் இங்க்' என்று விற்பது அரக்கு சேர்த்தது. காய்ந்தால் தூரிகையைக் கல்லாக்கிவிடும், இளஞ்சாயல்களும் சரியாக வராது.

இவற்றோடு ஒரு பழைய கம்பளி. தாளுக்கு அடியில் அதை விரிக்காவிட்டால் மை மேசையில் ஒட்டி, தாளின் பின்பக்கத்திலிருந்து திரும்பவும் ஊறி மேலே வரும்.

சென்னைத் தண்ணீரும் மையும்

மை அரைக்க போர் தண்ணீர் வேண்டாம். கடலோரப் பகுதிகளின் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணமும் அதிகம். மையின் கரித்துகள்கள் பசையின் தயவில்தான் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன. உப்பு சேர்ந்தால் அவை திரண்டுவிடும். இளஞ்சாயல் பூசும்போது மணல்மணலாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. கேன் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் போதும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது.

மைக்கல்லில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தண்ணீர் விட்டு, மைக்கட்டியை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல் வட்டமாக அரையுங்கள். 10 முதல் 15 நிமிடம் ஆகும். அழுத்தி அரைத்தால் மை கரகரப்பாகும். கட்டி போன தடம் உடனே மூடிக்கொண்டால் இன்னும் நீர்த்திருக்கிறது. தடம் ஒரு நொடி நின்று மூடினால் பதம் சரி. மின்விசிறி நேர் கீழே உட்கார வேண்டாம், அரைக்க அரைக்கத் தண்ணீர் வற்றிக்கொண்டே போகும். அரைத்து முடித்ததும் கட்டியைத் துடைத்துவிடுங்கள். கல்லின் மேலேயே வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிடுங்கும்போது கல்லோ கட்டியோ பெயரும். மிச்சமான மையை மறுநாளைக்கு வைக்காதீர்கள். சென்னை வெக்கையில் அதிலுள்ள பசை அழுகி நாற்றமெடுக்கும், கோட்டின் ஓரமும் கசியும்.

சீனர்கள் மைக்கு ஐந்து நிறம் என்பார்கள்: கருகிய கறுப்பு, அடர்த்தி, நடுத்தரம், இளசு, தெளிவு. ஒரே மைதான், தண்ணீர்தான் வேறு. மூன்று வெள்ளைப் பீங்கான் சாசர் எடுத்து, ஒன்றில் அரைத்த மையை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ஒரு பங்கு மைக்கு மூன்று பங்கு தண்ணீர், மூன்றாவதில் பத்துப் பங்கு. காய்ந்தால் எல்லாச் சாயலும் வெளிறும், அதனால் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதைவிட ஒரு படி கூடுதலாகவே கலக்க வேண்டும்.

தண்டு

தாளைத் தொடும் முன் நிஜ மூங்கிலைப் பாருங்கள். தெருவில் சாரம் கட்டியிருந்தால் அதுவே போதும். அடி மூங்கிலில் கணுக்கள் நெருக்கமாக இருக்கும், நடுவில் இடைவெளி நீளும், நுனியில் மறுபடி குறுகும். கணுவில் இரண்டு வரம்புகள் இருப்பதும், கிளை முளைத்த தழும்பு கணுவுக்குக் கணு எதிர்ப்பக்கம் மாறுவதும் தெரியும். சோங் காலத்தில் மூங்கிலுக்குப் பெயர்போன வென் தோங் (1018–1079) வரைந்ததைப் பற்றி எழுதிய அவருடைய நண்பர் சூ ஷி, தூரிகையை எடுக்கும் முன்பே மூங்கில் முழுதாக நெஞ்சுக்குள் இருக்க வேண்டும் என்றார். இது வெறும் அழகான பேச்சில்லை. பச்சைத் தாளில் ஒரு நொடி தயங்கினாலும் அங்கே மை குளமாகிவிடும். அடுத்த கணு எங்கே என்று யோசிக்க அப்போது நேரமே இருக்காது.

பெரிய தூரிகையைச் சுத்தத் தண்ணீரில் நனைத்து, கிண்ண விளிம்பில் வழித்துவிடுங்கள். பிறகு இளசான மையில் முழுதாகத் தோய்த்து மறுபடி வழியுங்கள். கடைசியில் நுனியின் இரு பக்கங்களையும் அடர்ந்த மையில் லேசாகத் தொட்டு, சாசரில் நாலைந்து முறை தட்டுங்கள். இப்போது தூரிகையின் ஓரம் கறுப்பு, நடு வெளிர். ஒரே இழுப்பில் உருண்டையான தண்டு வரும்.

தூரிகையைப் படுக்கப் போட்டாற்போல் சாய்த்து, கீழிருந்து மேலே தள்ளுங்கள். தொடங்கும் இடத்தில் ஒரு அழுத்து, பிறகு சீராக மேலே, முடியும் இடத்தில் நின்று, ஒரு மயிரிழை பின்வாங்கி எடுத்தல். ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் 2 மி.மீ. வெள்ளை விட வேண்டும். 34 × 69 தாளுக்கு அகலம் 2 செ.மீ. போதும். நீளம் கீழிருந்து 7, 10, 14, 16, 12 என்று போகட்டும். கடைசித் துண்டு தாளின் மேல் விளிம்பைத் தாண்டி ஓடிவிடலாம், அப்போதுதான் மூங்கில் உயரமாகத் தோன்றும். கை மணிக்கட்டிலிருந்து அசையாமல் தோளிலிருந்து அசைய வேண்டும், அதற்கு நின்றுகொண்டு வரைவதே நல்லது.

நடுவில் மை தொடாதீர்கள். மேலே போகப் போக மை குறைந்து, கோட்டுக்குள் வெள்ளைக் கீறல்கள் விழும். சீனர்கள் அதைப் 'பறக்கும் வெள்ளை' என்பார்கள். மூங்கிலின் பளபளப்பே அதில்தான் இருக்கிறது. அதை ஓட்டை என்று நினைத்து மறுபடி பூசி அடைக்கிறவர்கள்தான் ஏராளம்.

கணு, கிளை, இலை

கணுக்கோட்டுக்கு நேரம் பார்க்க வேண்டும். தண்டு ஈரமாக இருக்கும்போது போட்டால் கறுப்புப் பொட்டாகப் பரவும். முழுதும் காய்ந்தபின் போட்டால் ஒட்டவைத்ததுபோலத் தனியாக நிற்கும். தாளின் ஈரப் பளபளப்பு அடங்கி, புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அந்த நிலை மே மாதத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அப்போது சின்னத் தூரிகையில் கெட்டியான மை எடுத்து, வெள்ளை இடைவெளியில் இரு முனையும் கொக்கிபோல் மேலே திரும்பிய ஒரு சிறு வளைகோடு. அவ்வளவுதான்.

கிளைகள் கணுவிலிருந்துதான் புறப்பட வேண்டும், ஒரு கணுவில் இடம் என்றால் அடுத்ததில் வலம். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து வேகமாக எழுதுங்கள். எழுதுவது என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறோம். எழுத்தும் ஓவியமும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று வற்புறுத்தியவர் ஜாவ் மெங்ஃபு (1254–1322). நம்மிடமும் படத்தை எழுதுவதாகச் சொல்லும் வழக்கம் உண்டு, 'ஓவியம் எழுதினான்' என்பது பழைய தமிழ்.

இலைதான் கடினம். நுனியால் தொட்டு, அழுத்தி, நகர்த்திக்கொண்டே மெல்லத் தூக்க வேண்டும். தூரிகை தாளை விட்டு எழும்பிய பிறகும் கை அதே திசையில் கொஞ்சம் காற்றில் போகட்டும். அப்போதுதான் இலை நுனி ஊசியாக முடியும். நீளம் 6 முதல் 8 செ.மீ. நியூஸ்பிரிண்டில் ஒரு நாளைக்கு நூறு இலை, இரண்டு வாரம். அதற்கு முன் கொத்து வரைய வேண்டாம்.

கொத்துக்குப் பழைய பெயர்கள் உண்டு. இரண்டு இலை மீன்வால், மூன்று தங்கமீன் வால். மூன்றில் நடு இலை நீளமாகவும் இரு பக்கமும் வேறு வேறு நீளத்திலும் இருக்கட்டும், எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்கக் கூடாது. முன்னே இருக்கும் கொத்து அடர்ந்த மையில், பின்னே இருப்பது இளசில். வெயில் மூங்கிலுக்கு இலை மேல்நோக்கும், மழை மூங்கிலுக்குக் கீழே தொங்கும், காற்று என்றால் எல்லாம் ஒரே பக்கம் சாயும். ஒரே படத்தில் மூன்றையும் கலந்தால் எந்தப் பருவம் என்றே தெரியாது.

இலை மிளகாய்போல் தடித்துக் குட்டையாக வந்தால், அழுத்திய இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். ஓரம் ரம்பப் பல்லாக வந்தால் தூரிகை காய்ந்திருக்கிறது அல்லது கை நடுங்கும் அளவுக்கு மெதுவாகப் போகிறது. நுனியில் சொட்டு வைத்தால் தூக்க மறந்திருக்கிறீர்கள். இலையைச் சுற்றி வெளிர் வளையம் படர்ந்தால் தண்ணீர் அதிகம், தூரிகையின் அடியை ஒரு துணியில் ஒற்றி எடுங்கள். நுனியை ஒற்றினால் மைதான் போகும், அடியில் தேங்கிய தண்ணீர் அப்படியே இருக்கும். படம் முழுக்கச் சாம்பலாகச் செத்துக் கிடந்தால் கெட்டி மை எங்குமே இல்லை என்று பொருள். நாலைந்து இலையாவது கன்னங்கரேலென்று இருக்க வேண்டும்.

மூன்று தண்டு வரைந்தால் இடைவெளிகள் சமமாக இருக்கக் கூடாது, கணுக்கள் ஒரே மட்டத்தில் வரக் கூடாது. ஒன்று தலைவர், மற்றவை விருந்தாளிகள். தாளில் பாதிக்கு மேல் வெறுமையாகவே இருக்கட்டும். அது வரையாமல் விட்ட இடமில்லை. மூடுபனி, வானம், தண்ணீர் எதுவாகவும் அதைப் பார்க்கிறவர் கண் நிரப்பிக்கொள்ளும். தெற்கு சோங் காலத்து மா யுவான் எதையும் ஒரு மூலையில் ஒதுக்கி வரைந்ததால் அவருக்கு 'ஒற்றை மூலை மா' என்றே பெயர்.

ஏன் மூங்கில்?

நம் கவிதையில் மூங்கில் என்றால் பெண்ணின் தோள், 'வேய்த்தோள்'. சீனத்தில் அது நேர்மையான மனிதன். கணுவுக்கும் ஒழுக்க உறுதிக்கும் அவர்களிடம் ஒரே சொல், 'சியே'. உள்ளே வெறுமையாக இருப்பதால் அகந்தையில்லாத மனம். வளையும், ஒடியாது. பிளம், ஆர்க்கிட், சாமந்தி ஆகியவற்றோடு சேர்த்து இதை 'நான்கு சான்றோர்' என்பார்கள். பிளம், பைன் மரத்தோடு சேர்த்தால் 'குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள்'.

இந்தக் குறியீடுகளில் அரசியலும் உண்டு. 1279-ல் சோங் அரசு மங்கோலியரிடம் வீழ்ந்தபின், ஓவியர் ஜெங் சிசியாவ் ஆர்க்கிட் செடியை மண்ணே இல்லாமல் அந்தரத்தில் வரைந்தார். மண் பறிபோனது என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மாவட்ட அதிகாரியாக இருந்த ஜெங் பான்சியாவ், இரவில் கேட்கும் மூங்கில் சலசலப்பு மக்களின் துயரக் குரலோ என்று ஐயுறுவதாகக் கவிதை எழுதி, அதை மூங்கில் படத்திலேயே பொறித்து மேலதிகாரிக்குக் கொடுத்தார்.

மற்றவற்றில் பாதி ஒலிச் சிலேடை. மீனுக்கும் மிகுதிக்கும் ஒரே ஒலி, 'யூ'. வவ்வாலுக்கும் நற்பேறுக்கும் 'ஃபூ'. வவ்வால் நம் வீடுகளில் எடுபடாது என்பதால் பரிசாகக் கொடுக்கும் படத்தில் விட்டுவிடலாம். அறுபதாம் கல்யாணத்துக்கு வரைந்து தருவதென்றால் பைன் மரமும் கொக்கும், இரண்டும் நீண்ட ஆயுள். திருமணத்துக்குத் தாமரைக் குளத்தில் மாண்டரின் வாத்து ஜோடி. புதுமனைக்கு மூங்கிலே பொருத்தம், அமைதிச் செய்தி சொல்வது மூங்கில் என்று அங்கே வழக்கு. தாமரைக்கு மட்டும் விளக்கமே வேண்டாம். சேற்றில் பிறந்தும் அழுக்கு ஒட்டாதது என்று அவர்களும் நம்மைப் போலவே சொல்கிறார்கள்.

அடுத்து எங்கே போவது

மூங்கில் 'ஷியேயி', அதாவது கருத்தை எழுதும் பாணி. இதற்கு எதிர்முனை 'குங்பி'. வெந்த தாளிலோ பட்டிலோ மெல்லிய கோடு இழுத்து, நிறத்தை அடுக்கடுக்காக ஏற்றும் பாணி அது. தானே ஓவியராக இருந்த பேரரசர் ஹுய்சோங்கின் (ஆட்சி 1100–1126) அரண்மனையில் அது உச்சம் தொட்டது. தஞ்சாவூர் ஓவியம் பழகிய பொறுமைசாலிகளுக்கு இது பிடிக்கும். மலை-நீர்க் காட்சிக்கு, அதாவது 'ஷான்ஷுய்'க்குப் போகிறவர்கள் சோங் காலத்து ஓவியர் குவோ ஷி சொன்ன மூன்று தொலைவுகளைப் பழக வேண்டும்: அடியிலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது, முன்மலை வழியாகப் பின்மலைக்குள் ஊடுருவிப் பார்ப்பது, சமமட்டத்தில் தூரத்தை நோக்குவது. தூரத்தில் கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் ஒரே மறைபுள்ளி கிடையாது. சுருளில் கண் நடந்துகொண்டே போகும்.

முத்திரையும் ஒட்டுவதும்

கையெழுத்தைத் தமிழிலேயே போடுங்கள். புரியாத சீன எழுத்தைப் பார்த்து வரைவது இலையைவிடக் கேவலமாக வரும். முத்திரைக்கு 2 செ.மீ. சதுர மாக்கல் துண்டு போதும். உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து முகத்தைச் சமப்படுத்தி, எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகச் செதுக்க வேண்டும். அசல் சிவப்பு முத்திரைப் பசையில் சாதிலிங்கம், அதாவது பாதரசச் சேர்மம் இருக்கும். தொட்டால் கை கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

வரைந்த தாள் சுருங்கித்தான் கிடக்கும். பின்னால் இன்னொரு தாள் ஒட்டினால்தான் நிமிரும். சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதா பசை இதற்கு ஆகாது, பூச்சியைக் கூப்பிடும். அதில் போடும் மயில்துத்தம் தாளையே நாளடைவில் அரித்துவிடும். 200 கிராம் மைதாவைப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்குங்கள். கையில் ரப்பர்போல் மிஞ்சுவதை எறிந்துவிட்டு, பால்போன்ற நீரை ஒரு இரவு தெளியவைத்து மேல் தண்ணீரைக் கொட்டுங்கள். அடியில் தங்கிய மாவு ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கண்ணாடிப் பதம் வரும்வரை கிளறி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்கு நீர்க்க விடுங்கள்.

படம் வரைந்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஓரத்தில் ஈரப் பஞ்சை வைத்து மை கரைகிறதா என்று பாருங்கள், பாட்டில் மை சில சமயம் ஓடிவிடும். படத்தைக் கவிழ்த்து கிரானைட் மேடையில் போட்டு, தண்ணீர் தெளித்து நீவி, நடுவிலிருந்து வெளியே பசையைப் பூசுங்கள். நாலு பக்கமும் 3 செ.மீ. பெரிதான வெற்றுத் தாளை அதன்மேல் இறக்கி, காய்ந்த பிரஷ்ஷால் நீவுங்கள். விளிம்பில் மட்டும் பசை தடவி, படம் வெளியே தெரியும்படி பிளைவுட்டில் ஒட்டிக் காயவிடுங்கள். மூன்று நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம். மின்விசிறி போடவே கூடாது. ஓரம் முதலில் காய்ந்து இழுக்க, நடு கிழிந்துவிடும். முழுதும் காய்ந்ததும் விளிம்பைக் கத்தியால் அறுத்து எடுங்கள்.

பிரேம் போடக் கொடுத்தால் லேமினேஷன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதைத் திரும்ப உரிக்க முடியாது. கண்ணாடி படத்தைத் தொடாமல் இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மேற்கு வெயில் படும் சுவர், மழையில் ஓதம் ஏறும் சுவர் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சுருளாக வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன் சுருட்டி உள்ளே வைத்து, தை மாதத்தில் ஒரு வறண்ட காலையில் நிழலில் அரை நாள் விரித்துப்போட்டு, பூச்சி இருக்கிறதா என்று பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு மாட்டலாம்.